குறிஞ்சி மலர் (நாவல்)

குறிஞ்சி மலர், நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்னும் புனைபெயரில் கல்கி வார இதழில் தொடராக எழுதிய நாவல். பெற்றோரை இழந்த ஓர் இளம்பெண் வறுமையிலிருந்து பொதுவாழ்வு வரை வளர்வதைச் சொல்வது. தமிழ் வெகுஜன இலக்கியத்தில் இலட்சியவாத நாவலுக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது.

பின்னணி

நா. பார்த்தசாரதி 1932-ல் நதிக்குடியில் பிறந்தார். அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்கள் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பயின்று பண்டிதர் ஆனார். முன்பு பாரதியார் பணியாற்றிய மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தபின் கல்கி இதழுக்குச் சென்றார். முப்பது வயதை எட்டும் முன்னரே இந்நாவலை எழுதிவிட்டார். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு செய்யுளை வைப்பதும், கதைமாந்தர் மேடைத்தமிழில் உரையாடுவதும் அந்தப் பண்டிதர் பயிற்சியின் தடங்கள்.

கதை

தமிழ்ப் பேராசிரியர் அழகிய சிற்றம்பலம் மறைந்தபின், மூத்த மகள் பூரணி தம்பிகளையும் தங்கையையும் காக்கும் பொறுப்பை ஏற்கிறாள். வீட்டில் வறுமை. ஆனாலும் தந்தை மதிக்காதவர்களின் பணத்தை அவள் ஏற்பதில்லை. மதுரையில் மீனாட்சிசுந்தரத்தின் அச்சகத்தில் பணிபுரியும் அரவிந்தனும் அவளைப் போலவே பிறருக்காக வாழ விரும்புபவன். மங்களேசுவரி அம்மாளின் ஆதரவால் பூரணி சொற்பொழிவாளராகிறாள், பிறகு தேர்தலில் நிற்கிறாள். நோயுற்ற மக்களுக்குத் தொண்டு செய்யப்போன அரவிந்தன் தானும் நோய் கண்டு இறக்கிறான். மணமாகாத பூரணி அவன் நினைவில் கைம்பெண்ணாகவே வாழத் தொடங்குகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் கொடைக்கானல் குறிஞ்சி அவளுக்கு உவமையாகிறது.

மதிப்பீடு

இளமையில் ஒருவர் உலகைக் கற்று வளர்வதைச் சொல்லும் நாவல்களில் சார்லஸ் டிக்கன்ஸ் 1860-61-ல் தொடராக எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' புகழ்பெற்றது. அதன் நாயகன் பிப் கனவானாகும் ஆசையில், தன்னை வளர்த்த கொல்லர் ஜோவைக் கண்டு வெட்கப்படுகிறான். அந்த வெட்கம் எவ்வளவு கீழானது என்று பின்னர் உணர்கிறான். தவறு செய்தே அறத்தை அறிகிறான். பூரணி நேர் எதிர். அவளிடம் அறம் முதல் பக்கத்திலேயே முழுமையாக இருக்கிறது. உலகம் அவளைச் சோதிக்கிறதே தவிர மாற்றுவதில்லை. நாவலின் கவர்ச்சியும் குறையும் இதுவே. உண்மையில் தடுமாறித் திருந்தும் பாத்திரம் தீய சேர்க்கையில் சிக்கும் தம்பி திருநாவுக்கரசுதான். ஆசிரியர் அவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

எனினும் நல்லவர்கள் இறுதியில் சுகப்படுவார்கள் என்ற தொடர்கதை வழக்கத்தை நா. பார்த்தசாரதி ஏற்கவில்லை. பூரணிக்குப் புகழ் வருகிறது, வாழ்வு வரவில்லை. வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்களுக்கு அரவிந்தனின் மரணம் பெரும் அதிர்ச்சி. தமிழகத்தில் பலர் தம் குழந்தைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயரிட்டனர். இந்த இலட்சியவாதம் யதார்த்தத்தை மறைக்கிறது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் அந்தப் பெயர்களைச் சூட்டியவர்கள் தங்களைச் சுற்றியிருந்த உலகை அறியாதவர்கள் அல்ல.

'பொன் விலங்கு' நாவலில் சத்தியமூர்த்தி என்னும் இளம் விரிவுரையாளரைக் கொண்டு வேலை, மேலே போகும் விருப்பம், தன்மானம் ஆகியவற்றின் மோதலை அவர் மீண்டும் எழுதினார். 1965-ல் 'தீபம்' இதழைத் தொடங்கினார். 'சமுதாய வீதி' நாவலுக்காக 1971-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1987-ல் மறைந்தார். குறிஞ்சி மலர் பின்னாளில் தூர்தர்ஷனில் தொடராக ஒளிபரப்பானது. அதில் அரவிந்தனாக நடித்தவர் மு. க. ஸ்டாலின்.