பறவைகள் வராத ஆண்டு

மத்ரஸாவில் சிறிய சூராக்களை ஓதத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது யானைப்படையின் வரலாறு. ஐந்தே வசனங்கள் கொண்ட ஃபீல் சூராவை மனனம் செய்யும்போதே உஸ்தாது அப்ரஹாவின் கதையையும் சொல்லிவிடுவார். யமனை ஆண்ட அபிசீனியனான அப்ரஹா, ஸன்ஆவில் பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்டி, அரபிகளின் நாட்டத்தை அதன்பால் திருப்ப நினைத்தான். அது நடக்கவில்லை. கஃபாவையே இடித்துவிடுவதென்று யானையுடன் படை திரட்டி வந்தான். பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டு அது. கி.பி. 570 என்பது பொதுவான கணக்கு.

அந்த வரலாற்றில் பறவைகளைவிட நம்மை வியக்க வைப்பவர் அப்துல் முத்தலிப். அவருடைய 200 ஒட்டகங்களைப் படையினர் ஓட்டிச் சென்றுவிட்டார்கள். அவர் அப்ரஹாவிடம் போய் ஒட்டகங்களை மட்டும் கேட்டார். உங்கள் முன்னோரின் ஆலயத்தை இடிக்க வந்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசாமல் ஒட்டகத்தைக் கேட்கிறீரே என்று அப்ரஹா இளக்காரமாகப் பார்த்தான். ஒட்டகங்களுக்கு உரியவன் நான், அந்த வீட்டுக்கு உரியவன் வேறு இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்ற கருத்தில் பதில் சொன்னார் அவர். பிறகு குறைஷிகளை மலைகளின் மேல் ஏறிக்கொள்ளச் சொன்னார். யானை மக்காவை நோக்கி நடக்க மறுத்ததும், பறவைகள் கல் எறிந்ததும் நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லுவார்கள்.

அதே கஃபாவில் 360 ஆண்டுகள் கழித்து நடந்ததை அவர்களுக்கு நாம் சொல்வதில்லை. பொன்விழா மலரில் இப்படியொரு துயரச் செய்தி வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

ஹிஜ்ரி 317, துல்ஹஜ் மாதம், கி.பி. 930 ஜனவரி. கிழக்கு அரேபியாவின் அல்அஹ்ஸாவைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கராமிதாக்கள், தங்கள் தலைவன் அபூதாஹிர் அல்ஜன்னாபியுடன் மக்காவுக்குள் புகுந்தார்கள். அவன் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞன். இஹ்ராம் உடையில் இருந்த ஹாஜிகள் ஹரம் ஷரீபுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். உடல்கள் ஜம்ஜம் கிணற்றில் வீசப்பட்டன. கஃபாவின் கதவு பெயர்க்கப்பட்டது, திரை கிழித்தெடுக்கப்பட்டது. ஹஜருல் அஸ்வத் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பறவைகள் எங்கே, அந்தக் கற்கள் எங்கே என்று அவர்கள் கேலி பேசியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

பறவைகள் வரவில்லை.

பக்தாதில் கலீஃபா முக்ததிர் இருந்தார், அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஈராக்கிலிருந்து ஹஜ் கூட்டங்கள் பல ஆண்டுகள் போக முடியாமல் நின்றன. கல்லைத் திருப்பித் தந்தால் 50,000 தீனார் தருவதாகப் பின்னர் சொல்லிப் பார்த்தார்கள். கராமிதாக்கள் மறுத்துவிட்டார்கள். மக்காவை அடைய முடிந்தவர்கள் கல் இருந்த வெற்றிடத்தில் கையை வைத்துத் தவாஃப் செய்துவந்தார்கள். கல் திரும்பி வர, ஹிஜ்ரிக் கணக்கில் 22 ஆண்டுகள் ஆயின. ஒரு தலைமுறைக் காலம். அதைத் திரும்பக் காணாமலே கண் மூடியவர்கள் எத்தனை பேரோ!

அப்ரஹாவை உடனே அழித்தவன் இவர்களை ஏன் விட்டுவைத்தான்? இந்தக் கேள்வி ஈமான் இல்லாதவர்களின் கேள்வி அன்று. பெரும் இமாமான இப்னு கஸீர் (ரஹ்) அவர்களே தம் வரலாற்று நூலில் இதை எடுத்துப் பேசுகிறார்கள். யானைப்படையின் காலத்தில் நபித்துவம் இன்னும் வெளிப்படவில்லை, அந்த வீட்டின் கண்ணியத்தை உலகுக்குக் காட்ட வேண்டியிருந்தது. பின்னால் வந்தவர்களுக்கோ வேதமும் மார்க்கச் சட்டமும் வந்து சேர்ந்துவிட்டன. அறிந்தே செய்தவர்களின் கணக்கு மறுமைக்குத் தள்ளப்பட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். அநியாயக்காரர்களுக்கு அல்லாஹ் தவணை கொடுக்கிறான். அவன் கவனியாமல் இருக்கிறான் என்று எண்ணிவிடக் கூடாது. ‘ஹலீம்’ என்ற திருநாமத்தை நாம் பொறுமையாளன் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தண்டிக்க முழு ஆற்றல் இருந்தும் அவசரப்படாதவன் என்பது அதன் பொருள். தப்பிவிடுவான் என்ற அச்சம் இருப்பவனுக்குத்தானே அவசரம்!

அந்தத் தவணைக் காலத்தில் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். மறு ஆண்டே, 931-இல், இஸ்ஃபஹானைச் சேர்ந்த ஓர் இளைஞனை வரவிருந்த மஹ்தி என்று நம்பி அபூதாஹிர் ஆட்சியையே அவனிடம் ஒப்படைத்தான். அவனோ கராமிதாக்களின் முக்கியப் புள்ளிகளையே கொல்லத் தொடங்கினான். சுமார் 80 நாட்களில் அவனைத் தீர்த்துக்கட்டிவிட்டு, ஏமாந்துபோனதைத் தன் கூட்டத்தாரிடமே அபூதாஹிர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கூட்டத்தில் பலருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. 944-இல் அவனும் இறந்தான். 951-இல் கல் கூஃபா வழியாக மக்காவுக்குத் திரும்பியது. கட்டளைப்படி எடுத்தோம், கட்டளைப்படி தருகிறோம் என்றார்கள் கராமிதாக்கள். பெருந்தொகை கைமாறியது என்பாரும் உண்டு. எப்படியோ, வாளோடு யாரும் அல்அஹ்ஸாவுக்குப் போய் அதை மீட்கவில்லை.

இங்கிருந்து கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போன நம் பாட்டன்மார் முத்தமிட்டதும், இன்று விமானத்தில் போகிறவர்கள் தூரத்திலிருந்து ஸலாம் சொல்வதும், வெள்ளிச் சட்டத்துக்குள் துண்டுகளாகப் பதிந்திருக்கும் அந்தக் கல்லுக்குத்தான். அது நன்மையும் செய்யாது தீமையும் செய்யாது, நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டதால் நானும் முத்தமிடுகிறேன் என்ற பொருளில் உமர் (ரலி) அவர்கள் சொன்னது நமக்குத் தெரிந்ததே. கராமிதாக்களுக்கு இது விளங்கவில்லை. கல்லைக் கொண்டுபோனால் மக்களும் பின்னால் வந்துவிடுவார்கள் என்று எண்ணினார்கள். ஒருவரும் வரவில்லை.

1051-இல் அல்அஹ்ஸாவுக்குப் போன பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் இதைத்தான் எழுதுகிறார். அந்தக் கல் மனிதர்களை இழுக்கும் காந்தம் என்று நினைத்தார்களே என்று எள்ளுகிறார். அவர் போன சமயத்திலும் அங்கே கராமிதாக்களின் ஆட்சிதான். ஊரில் ஜும்ஆ தொழுகை கிடையாது. ஆனால் அந்த வழியாக வரும் ஹாஜிகளுக்காக வெளியூர்ச் செல்வந்தர் ஒருவர் பள்ளிவாசல் கட்டியிருந்தார். அங்கே தொழுதவர்களை யாரும் தடுக்கவில்லை.