இருபது லட்சம் சீட்டுகள்

ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகள் என்றவுடன் கிரிம் சகோதரர்களின் பெயரே நம் நினைவுக்கு வரும். 1812-இல் அவர்களுடைய கதைத் தொகுதியின் முதற் பாகம் வெளியாயிற்று. ஆயினும், அவர்களுக்குக் கதை சொன்னோருள் பலர் படித்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஏர் பிடித்தோரும் ஆடு மேய்த்தோரும் தம் சொந்த மொழியிலே பேசியவற்றை வாழ்நாள் முழுதும் கேட்டு எழுதிய ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றியே நான் இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ரிச்சர்டு வோசிட்லோ.

வட ஜெர்மனியில், பால்டிக் கடலை ஒட்டிய மெக்லன்பர்க் நாட்டில் 1859-இல் அவர் பிறந்தார். 1886 முதல் வாரன் என்னும் சிறு நகரின் உயர்நிலைப் பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். தொழிலால் பண்டை மொழிகளின் ஆசிரியர். உள்ளத்தால் தம் காலத்து மக்கள் மொழியின் மாணவர்.

அம்மக்கள் பேசியது கீழ்ஜெர்மன். 'கீழ்' என்பது இங்கே இழிவைக் குறிப்பதன்று. வடக்கின் தாழ்ந்த சமவெளியைக் குறிப்பது. தெற்கே தோன்றிய ஒலிமாற்றம் இங்கு எட்டவில்லை. ஆதலால், ஏட்டு ஜெர்மனில் 'வாஸர்' எனப்படும் நீர், இவர்கள் வாயில் 'வாட்டர்' என்றே நின்றது. ஆங்கிலத்தோடு அதற்குள்ள உறவை மாணவர்கள் எளிதில் உணரலாம். ஆனால் பள்ளியிலும் தேவாலயத்திலும் நீதிமன்றத்திலும் ஏட்டு ஜெர்மனே ஆட்சி செய்தது.

மெக்லன்பர்க்கில் பண்ணையடிமை முறை 1820-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதன் பின்னரும் நிலத்தின் பெரும் பகுதி சீமான்களிடமே இருந்தது. பிழைப்புத் தேடிப் பல்லாயிரவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஒரு முதியவர் மறைந்தால், ஒரு குடும்பம் ஊரை விட்டால், சில சொற்களும் சில கதைகளும் அவர்களோடு போயின. இந்த இழப்பைத்தான் வோசிட்லோ கண்டார்.

அவர் என்ன செய்தார்? ஊர் ஊராகச் சென்றார். மக்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினார். வினாக்களை அடுக்கி மிரட்டாமல், முதலில் தாமே ஒரு கதையையோ விடுகதையையோ சொல்வார். கேட்டவர் தமக்குத் தெரிந்த வேறொன்றைச் சொல்லத் தொடங்குவார். உடனே அது ஒரு சிறு சீட்டில் ஏறிவிடும். நாளேடுகளில் வினாக்கள் வெளியிட்டு, நூற்றுக்கணக்கான துணைவர்களையும் சேர்த்துக்கொண்டார். சீட்டுகள் பொருள்வாரியாகப் பெட்டிகளில் அடுக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 20 லட்சமாகப் பெருகின.

அவற்றிலிருந்து 1897-இல் விடுகதை நூலும், 1899-இல் விலங்குகளையும் பறவைகளையும் பற்றிய மக்கள் வழக்குகளின் நூலும், 1906-இல் குழந்தை வளர்ப்பைப் பற்றிய நூலும் வந்தன. குருவியின் ஒலிக்குக்கூட உழவர்கள் சொற்பொருள் கற்பித்திருந்தனர் என்பதை அறிகையில் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

1939-இல் வோசிட்லோ மறைந்தார். அவர் சேர்த்த சொற்செல்வத்தை அடிப்படையாகக் கொண்டு ஹெர்மன் டாய்கெர்ட் என்னும் அறிஞர் தொடங்கிய மெக்லன்பர்க் அகராதியின் முதல் தொகுதி 1942-இல் நிறைவெய்தியது. 7 தொகுதிகளும் முற்றுப்பெற்றது 1992-இல். நாடு போரில் சிதைந்து, இரண்டாகப் பிரிந்து, மீண்டும் ஒன்றான பின்னரே அப்பணி முடிந்தது. இன்று அச்சீட்டுகள் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் கணினி வழியே எவரும் காணக் கிடைக்கின்றன.

சீமான்களின் கணக்கேடுகளைக் காக்க ஆவணக் களரிகள் இருந்தன. இடையரின் விடுகதையைக் காக்க, அதனைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. வரலாறு பயிலும் மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்வார்களாக.