எல்லைப்புறப் பாட்டும் பழைய இசைத்தட்டுகளின் மறுவெளியீடும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைச் சிப்காட் தொழிற்பேட்டையைக் கொண்டு மட்டுமே அறிந்தவர்களுக்கு, தமிழ், தெலுங்கு, கன்னடம் என்னும் மூன்று பாஷைகளின் பாட்டும் கூத்தும் அங்கே சங்கமிப்பது எளிதில் புலப்படாது. திரௌபதி அம்மன் கோயில்களில் பல இரவுகள் தொடர்ந்து நிகழும் பாரதக் கூத்தும், கர்நாடக எல்லையை அடுத்த மாதேசுவரன் மலையைச் சார்ந்த கம்சாளைப் பாடகரின் கன்னடக் கதைப்பாடலும் இப்பிரதேசத்தின் இசைச் செல்வங்களாகும். இத்தகைய கலைகள் ஒலிப்பதிவின் சரித்திரத்தில் ஒதுங்கி நின்ற காரணத்தையும், பழைய பதிவுகள் புத்துயிர் பெறும் இக்காலத்தில் அவற்றுக்கு உரிய இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏ. வி. மெய்யப்பன் சென்னையில் 1932இல் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கி, ஜெர்மனியின் ஓடியன் கம்பெனியோடு இணைந்து இசைத்தட்டுகளை வெளியிட்டபோது, நாடகப் பாட்டும் பக்திப் பாட்டும் நகரத்து வீடுகளில் பிரசித்தி பெற்றன. ஆனால் நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற அந்த அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷப் பாட்டுத்தான் அடங்குமாதலால், விடிய விடிய நடக்கும் கூத்து அதற்குள் புக இயலவில்லை. விற்பனைப் பட்டியல்களும் பாஷைவாரியாகவே அமைந்தமையால், பாஷைகள் கலந்து வழங்கும் எல்லைப்புறத்துக்கு அவற்றில் தனியிடம் வாய்க்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தோடு ஓடியனின் இந்தியப் பதிப்பு நின்றுபோயிற்று. எஞ்சிய தட்டுகளை மும்பையிலுள்ள இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவாக்கியது பெரும் தொண்டாகும். எனினும் அன்று பதிவாகாத குரலை எந்த மறுவெளியீடும் மீட்டுத் தராது.

வியாபாரிகள் விட்டதை ஓரளவு அறிஞர்கள் எடுத்தனர். டச்சு அறிஞர் ஆர்னால்டு பாக்கே 1938இல் தமிழகம், கேரளம், கர்நாடகம் ஆகிய பகுதிகளில் நாட்டார் இசையைப் பதிவு செய்தார். அவருடைய மாணவர் நஸீர் ஜெய்ராஸ்போயும் ஏமி காட்லினும் 1984இல் அப்பதிவுகளுடன் அதே ஊர்களை நாடிச் சென்று, நாற்பத்தாறு ஆண்டுகளில் மறைந்தவை எவை, மாறியவை எவை, நிலைத்தவை எவை என்று ஆராய்ந்தனர். பாடியவர்களின் ஊருக்கே பாட்டைத் திரும்பக் கொண்டு சென்ற அச்செயல்தான் மறுவெளியீட்டின் உத்தமமான இலக்கணம் என்பது என் துணிபு.

அமெரிக்க அனுபவமும் இதை உறுதி செய்கிறது. ஹாரி ஸ்மித் 1952இல் 84 பழைய கிராமியப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, பாடகர்களை வெள்ளையர், கறுப்பர் என்று கம்பெனிகள் பிரித்துவைத்த முறையைக் கைவிட்டு, கதைப்பாடல், கூட்டிசை, பாட்டு என்றே வகுத்தார். அத்தொகுப்பில் இடம்பெற்ற மிஸிஸிப்பி ஜான் ஹர்ட், 1928இல் பதிவு செய்தபின் உலகத்தால் மறக்கப்பட்டிருந்து, 1963இல் தம் சிற்றூரிலேயே கண்டறியப்பட்டு, வயோதிகத்தில் மீண்டும் மேடையேறினார்.

ஆகையால், ஓசூர்ப் பகுதியில் கூத்துக் குழுக்களிடமும் குடும்பங்களிடமும் கிடக்கும் ஒலிநாடாக்கள் முழுமையாகத் தேய்வதற்குள், சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கர்நாடகத்து ராமநகரத்தின் ஜானபத லோகம் போன்ற இருமாநில ஸ்தாபனங்கள் கூடி அவற்றைத் திரட்ட வேண்டும். அந்தத் தொகுப்பு பாஷையால் பிரிக்கப்படாமல், ஊர், சடங்கு, பாடியவர் பெயர் ஆகியவற்றால் அமைய வேண்டும். வெளியீட்டுக்குப் பாடகரின் சம்மதம் பெறவும், வருவாயில் அவர் குடும்பத்துக்குப் பங்கு அளிக்கவும் வேண்டும். மாநில எல்லை அறியாத பாட்டுக்கு அதுவே நியாயமான பதிப்புமுறை.