ஆங்கிலத்தில் வழுவும் வழக்கும்

மொழியிற் பிழை திருத்துதல் எளிய தொழிலன்று. பிழை இதுவென்று சுட்டுவதற்கு முன், சரி எதுவென்று தீர்மானித்தாக வேண்டும். அவ்வாறு தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் விவாதம் ஆங்கில நாட்டில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பமோ கடிதமோ எழுதுவோர் அஞ்சுகின்ற விதிகள் பல அவ்விவாதத்தினிடையே பிறந்தவையே.

அவற்றுள் ஒன்று, வாக்கியத்தை முன்னிடைச்சொல்லால் முடித்தல் ஆகாது என்பது. 'வித்', 'இன்', 'ஒன்' என்பன போன்று பெயருக்கு முன் நின்று வேற்றுமைப் பொருள் தருவன முன்னிடைச்சொற்கள். 1672 ஆம் ஆண்டில் ஜோன் டிறைடன் என்னும் புலவர், தமக்கு முற்பட்ட நாடகாசிரியராகிய பென் ஜோன்சனின் வாக்கியங்களில் இச்சொற்கள் இறுதியில் நிற்றலைக் குற்றமென்றார். ஏன் குற்றமென்பதை அவர் விளக்கவில்லை. ஆயினும், தாம் எழுதும் ஆங்கிலம் சரியோ என ஐயம் எழும்போது அதனை இலத்தீனில் மொழிபெயர்த்துப் பார்ப்பதே தம் வழக்கம் என்று 1679 இல் அவரே எழுதினார். 1668 இல் வெளியிட்ட தம் நாடகக் கட்டுரையை 1684 இல் மீண்டும் பதிப்பித்தபோது, இறுதியில் நின்ற முன்னிடைச்சொற்களை அகற்றியும் விட்டார். பிறர் வீட்டுத் துலாக்கோலிலே தம் வீட்டுப் பொன்னை நிறுத்த கதை இது.

பிரான்சு நாட்டில் மொழிக்கழகம் 1635 இல் நிறுவப்பட்டது. அத்தகைய கழகமொன்று இங்கிலாந்துக்கும் வேண்டுமென்று 1712 இல் ஜொனாதன் சுவிவ்ற் கேட்டார், அது அமையவில்லை. கழகம் செய்யாத வேலையைத் தனி மனிதர்கள் மேற்கொண்டனர். அவர்களுள் தலையாயவர் றொபேட் லௌத். எபிரேயக் கவிதையை ஆராய்ந்த பேரறிஞர்; பின்னாளில் இலண்டன் பேராயர். 1762 இல் அவர் சிறியதோர் ஆங்கில இலக்கணத்தைத் தம் பெயரின்றி வெளியிட்டார். அதன் அடிக்குறிப்புகளிற் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டோர் யாவர்? சேக்சுபியர், மில்ரன், போப், சுவிவ்ற்! விவிலிய மொழிபெயர்ப்பும் தப்பவில்லை.

அக்காலத்திற் கற்றோர் பலரும், ஒருவரை நோக்கிப் பேசும்போது 'யூ வாஸ்' என்றும், பலரை நோக்கும்போது 'யூ வேர்' என்றும் எழுதினர். 'தௌ' என்னும் ஒருமைச் சொல் வழக்கொழிந்து, பன்மைக்குரிய 'யூ' என்பதே ஒருவருக்கும் உரியதாகிவிட்ட நிலையில், இஃது எண்ணை வேறுபடுத்த உதவிய நல்ல வழியே. லௌத் இதனைப் பெருங்குற்றமென்று கண்டித்தார். பன்மைப் பெயர் பன்மை வினையே கொள்ளும் என்பது அவர் வாதம். 'நீங்கள் வந்தீர்கள்' என ஒருவரைப் பார்த்துக் கூறும் தமிழரும் அவ்வாறே செய்கின்றனர். லௌத்தின் பக்கம் நியாயமில்லை என்று கூறிவிட முடியாது. ஆயினும் பயனுள்ள ஒரு வேறுபாடு அதனால் ஏட்டுவழக்கிலிருந்து மறைந்தது. முன்னிடைச்சொல் பற்றியோ அவர் அத்துணைக் கடுமை காட்டவில்லை. ஆங்கிலம் அவ்வழக்கை நாடும் இயல்பினது என்று கூறிய அவருடைய அவ்வாக்கியப் பகுதியே முன்னிடைச்சொல்லில்தான் முடிகின்றது.

அமெரிக்காவிற் பிறந்து யோர்க் நகரருகே குடியேறிய லின்ட்லி மறே, 1795 இல் ஒரு பெண்கள் பள்ளிக்கென எழுதிய இலக்கணம் லௌத்தின் கருத்துகளைப் பள்ளிதோறும் கொண்டு சென்றது. அறிஞரின் கருத்து மாணவனுக்கு விதியாயிற்று. விதியை மீறியவன் கல்லாதவன் எனப்பட்டான். தமிழிலக்கணத்தில் வழாநிலைக்கும் வழுவுக்கும் இடையே வழுவமைதி என்றொன்று உண்டு; பசுவை அன்பு மிகுதியால் தாயென உயர்திணையாக்கிக் கூறுவதை நம் இலக்கணிகள் அமைத்துக் கொண்டனர். பள்ளி ஆங்கிலத்தில் அத்தகைய அமைதிக்கு இடம் அரிதாகவே இருந்தது.

1864 இல் கன்ரபரித் தலைமைக்குரு ஹென்றி அல்போட், மக்களின் ஆங்கிலத்தைத் திருத்த ஒரு நூல் வெளியிட்டார். உடனே வாஷிங்ரன் மூன் என்பவர் அக்குருவின் வாக்கியங்களிலுள்ள பிழைகளைத் திரட்டி மறுநூல் எழுதினார். திருத்துவோரைத் திருத்தும் இப்போட்டி நெடுநாள் நிகழ்ந்தது.

இம்மனப்பாங்கை நகைத்து நேராக்கியவர் ஹென்றி பௌலர். சமய உறுதிப்பாட்டுச் சடங்குக்கு மாணவரை ஆயத்தஞ் செய்ய மனம் ஒவ்வாமையால் ஆசிரியப் பதவியைத் துறந்தவர் அவர். கேண்சித் தீவிலே தம்பி பிரான்சிசுடன் கூடி உழைத்து, 1906 இல் ஆங்கில வழக்குப் பற்றிய நூலையும், 1911 இல் ஒக்ஸ்போட் சுருக்க அகராதியையும் ஆக்கினார். 1918 இல் தம்பி இறந்தார். தனித்து நின்று முடித்த பெருநூல் 1926 இல் வெளிவந்தது. அது தம்பிக்கே உரிமையாக்கப்பட்டது. 'ரு' என்னும் சொல்லுக்கும் அதன் வினைக்கும் இடையே வேறு சொல் புகுதல் தகாது என்னும் விதியை ஆராய்ந்த பௌலர், அவ்விதியை அறியாமலும் அதைப்பற்றிக் கவலையுறாமலும் வாழ்வோரே பெரும்பான்மையர், அவர் பேறு பெற்றவர் என்றார். இறுதியில் நிற்கும் முன்னிடைச்சொல்லைக் கண்டு அஞ்சுவது மூடநம்பிக்கை என்பதும் அவர் முடிவு.

இரண்டாம் உலகப்போர் இவ்வாராய்ச்சியைப் படிப்பறையிலிருந்து அரசாங்க அலுவலகத்துக்கு இழுத்து வந்தது. 1940 ஆகஸ்ட் 9 ஆம் நாள், பகைவரின் வானூர்திகள் தாக்கிக் கொண்டிருந்த வேளையில், பிரதமர் சேர்ச்சில் தம் அதிகாரிகளுக்கு அறிக்கைகளைச் சுருக்கி எழுதுமாறு குறிப்பு அனுப்பினார். போர் முடிந்தபின் நெருக்கடி வேறு வடிவம் கொண்டது. 1948 இல் தேசியக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உதவிப்பணம் கேட்கும் விதவையும், ஓய்வூதியம் நாடும் தொழிலாளியும் அரசாங்கக் கடிதங்களைப் படித்துப் பொருளுணர வேண்டியவராயினர். அக்கடிதங்களில் இலக்கணப் பிழை மிகுதியில்லை. பொருள்தான் விளங்கவில்லை! உரியதைப் பெறும் வழி அச்சிட்ட தாளிலே இருந்தும், அதனைக் கண்டுகொள்ள இயலாமற்போவது சிறு துன்பமன்று.

திறைசேரியின் வேண்டுகோளின்படி சேர் ஏர்னஸ்ற் கௌவர்ஸ் என்னும் மூத்த அரசாங்க சேவையாளர் அதே 1948 இல் எளிய சொற்கள் பற்றிய சிறு நூலொன்றை அதிகாரிகளுக்காக எழுதினார். 1954 இல் அது விரிவடைந்து முழு நூலாயிற்று. அதிற் சொற்றேர்வைப் பற்றிய இயல்கள் முன்னும், சொற்களைத் தொடுக்கும் இலக்கணம் பின்னுமாக வைக்கப்பட்டன. வேண்டாத சொல்லை நீக்குக, பழகிய சொல்லை ஆளுக, பொதுப்படக் கூறாது குறிப்பாகக் கூறுக என்பன அவர் வற்புறுத்தியவை. கடிதம் எழுதுபவர் அதைப் படிக்கப்போகும் மனிதரை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார். லௌத் நூலோரை நோக்கினார். கௌவர்ஸ் கடிதத்தைக் கையில் வாங்குபவரை நோக்கினார்.

பௌலரின் பெருநூலைப் புதுக்கும் பணியும் கௌவர்ஸிடமே வந்து சேர்ந்தது. எண்பதைக் கடந்த முதுமையில் அதனைச் செய்து, 1965 இல் இரண்டாம் பதிப்பைத் தந்து, மறு ஆண்டு மறைந்தார். அவருடைய சொந்த நூல் பின்னரும் மும்முறை திருத்தப்பட்டது. 2014 இல் வெளிவந்த திருத்தத்தைச் செய்தவர் அவருடைய கொள்ளுப்பேர்த்தியாகிய றெபெக்கா கௌவர்ஸ்.