‘வெள்ளி’ என்ற பெயர் வந்த வழி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் பணத்தை ‘வெள்ளி’ என்றே சொல்லிப் பழகியவர்கள். இன்று கையில் புழங்குவதோ வெறும் தாள். பிறகு ஏன் இந்தப் பெயர்? ஒரு காலத்தில் அது உண்மையாகவே வெள்ளி நாணயம். அதுவும் அந்நிய நாட்டு நாணயம்.

ஸ்பெயின் மன்னரின் பெயரில் மெக்சிகோவில் அடிக்கப்பட்ட டாலர், கப்பலேறி மணிலா வந்து, வணிகர்கள் வழியாக இந்த வட்டாரமெங்கும் பரவியது. 1819ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் சுல்தான் உசேனுக்கு ஆண்டுக்கு 5,000, தெமெங்கோங்குக்கு 3,000 என ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டதும் ஸ்பானிய டாலரில்தான். நாணயத்தில் இருந்த இரு தூண்கள் பீரங்கிபோல் தோன்றியதால் மலாய்க்காரர்கள் அதை ‘ரிங்கிட் மெரியாம்’ என்றனர். விளிம்பில் பல்வெட்டு உள்ளது என்பதே ரிங்கிட் என்ற சொல்லின் பொருள்.

மக்கள் நம்பியது மன்னரின் முகத்தை அல்ல, வெள்ளியின் எடையை. சீன வணிகர்கள் நாணயத்தைச் சோதித்துத் தங்கள் முத்திரையைக் குத்தினர். 1850களில் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயைப் புகுத்த முயன்றபோது வணிகர்கள் எதிர்த்தனர். 1867இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்ததும் ரூபாய் விலகியது. மெக்சிகோ, பெரு, பொலிவியா, ஹாங்காங் டாலர்கள் சட்டப்படி செல்லுபடியாயின.

எடையை நம்பிய பணத்துக்கு எடையாலேயே சோதனை வந்தது. 1870களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்கத்துக்கு மாறின. வெள்ளியின் விலை சரிந்தது. இந்திய ரூபாயும் வெள்ளிதான் என்பதால், இங்கு உழைத்த தமிழர்களை அது உடனே தொடவில்லை. ஒரு டாலருக்கு ஊரில் இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் கிடைத்தது. 1893இல் இந்திய அரசு, எவரும் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் வழியை மூடியது. அதன்பின் ரூபாய் தலைநிமிர்ந்தது. டாலர் தொடர்ந்து விழுந்தது. 1902இல் அதே டாலருக்கு ஒன்றரை ரூபாய்கூடத் தேறவில்லை. கரும்புத் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் வியர்வை சிந்தியவர், கூலி குறையாமலே ஏழையானார்.

1903இல் இந்த மண்ணுக்கென்றே தனி டாலர் வந்தது. 1904இல் மெக்சிகோ டாலர் செல்லாததாகியது. 1906இல் ஒரு டாலர் 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது ஒன்றே முக்கால் ரூபாய் என நிலைபெற்றது. அதுமுதல் பணத்தின் மதிப்பைத் தீர்மானித்தது உலோகத்தின் எடையல்ல, அரசாங்கத்தின் வாக்கு.

பின்னர் வெள்ளியும் நாணயத்தை விட்டு மறைந்தது. மலாய்க்காரர் நாவில் ரிங்கிட்டும் தமிழர் நாவில் வெள்ளியும் மட்டும் நிலைத்துவிட்டன.