நிரலாக்கத்தில் கணக் கோட்பாடும் தருக்கமும்

கணக் கோட்பாடும் தருக்கமும் கணினி நிரலாக்கத்தின் அடிப்படைகள் ஆகும். எந்தப் பொருள்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கணம் வரையறுக்கிறது. அப்பொருள்களில் எவை ஒரு நிபந்தனைக்கு உட்படும் என்பதைத் தருக்கம் தீர்மானிக்கிறது. பள்ளிப் பாடத்தில் சேர்ப்பு, வெட்டு, நிரப்பி என்று கற்பவையே நிரலில் "அல்லது", "மற்றும்", "இல்லை" என்னும் செயலிகளாக வருகின்றன. இக்கட்டுரையில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்திலுள்ள அபிராமம் என்னும் ஊரின் பெயரும், அதைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்களும் எடுத்துக்காட்டுகளாகக் கையாளப்படுகின்றன.

வரலாறு

நிரலர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் இரு விதிகளுக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806 சூன் 27 அன்று மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தாருடன் இங்கிலாந்து சென்றுவிட்டார். 1847ஆம் ஆண்டில் அவரும் ஜார்ஜ் பூலும் தனித்தனியே தருக்க நூல்களை வெளியிட்டனர். 1874 முதல் ஜார்ஜ் காண்டர் கணக் கோட்பாட்டை வளர்த்தெடுத்தார். மின்சுற்றின் இணைப்புகளைப் பூலின் இயற்கணிதத்தால் எழுதிவிடலாம் என்று கிளாடு சானன் 1937இல் காட்டினார். 1970இல் எட்கர் காட் முன்வைத்த உறவுசார் தரவுத்தள மாதிரி கணங்களையும் உறவுகளையுமே அடித்தளமாகக் கொண்டது.

எழுத்துகளின் கணம்

தமிழ் நெடுங்கணக்கே ஒரு கார்ட்டீசியன் பெருக்கல் எனலாம். 18 மெய்களின் கணத்தை 12 உயிர்களின் கணத்தோடு பெருக்க 216 உயிர்மெய்கள் கிடைக்கின்றன. இவற்றோடு உயிர், மெய், ஆய்தம் ஆகியவற்றைச் சேர்த்தால் 247. ஆனால் ஒருங்குறியில் இந்த 247க்கும் தனித்தனி இடம் இல்லை. அகர உயிர்மெய்க்கு ஒரு குறியும், ஏனைய உயிர்மெய்களுக்கு அதனுடன் ஓர் உயிர்க்குறியும், மெய்க்கு ஒரு புள்ளியும் சேர்த்து எழுதப்படுகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ்16 என்னும் குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்றது. எனினும் இணையத்தில் நிலைபெற்றது ஒருங்குறியே.

"அபிராமம்" என்னும் சொல்லில் அ, பி, ரா, ம, ம் என ஐந்து எழுத்துகள் உள்ளன. பைத்தான் மொழியில் இதன் நீளத்தைக் கேட்டால் 8 என்று விடை வரும். அ, ப, இகரக் குறி, ர, ஆகாரக் குறி, ம, ம, புள்ளி என எட்டுக் குறிகளை அது எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 24 பைட்டுகள் ஆகும். மூன்று எண்ணிக்கைகளும் சரியே. எண்ணப்படும் கணங்கள்தாம் வேறு.

இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாத நிரல், பெயர்ப் புலத்துக்கு ஆறு குறிகள் என வரம்பு வைத்தால் ஊர் "அபிராம" என்று முடிந்துவிடும். வரம்பு நான்கானால் "அபிர" ஆகும். சொல்லைப் பின்னிருந்து திருப்பினால் "ம்மராபிஅ" வர வேண்டும். குறிகளை மட்டும் திருப்பும் நிரலிலோ, உயிர்க்குறிகள் அடுத்த எழுத்தில் ஒட்டிக்கொண்டு "மமாரிபஅ" என்றாகி, முன்னால் ஒரு புள்ளி தனியே நிற்கும்.

தீர்வு எளியது. பதினோர் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் கொண்ட கணத்தைச் சேர்குறிகள் என வைத்துக்கொள்வோம். சரத்தை இடமிருந்து வலமாகப் படிக்கையில்,

குறி ∈ சேர்குறிகள் எனில், முந்தைய எழுத்தோடு ஒட்டுக;
இல்லையேல், புதிய எழுத்தைத் தொடங்குக.

முதலிலேயே சேர்குறி வந்தால் "முந்தைய எழுத்து" என ஒன்று இல்லை. எனவே "முந்தைய எழுத்து உண்டு மற்றும் அது ஒட்டத்தக்கது" என்று சோதிக்க வேண்டும். கணிதத்தில் "மற்றும்" என்பதன் இருபுறத்தையும் இடம் மாற்றலாம். பெரும்பாலான நிரல்மொழிகளில் இடப்புறம் பொய்யானால் வலப்புறம் பார்க்கப்படுவதே இல்லை. ஆகவே வரிசையை மாற்றினால் நிரல் முறிந்துவிடலாம்.

சமம் என்பது எது?

ஒரு கணத்தில் ஓர் உறுப்பு ஒரு முறைதான் இடம்பெறும். "தொண்டி" என்னும் கடற்கரை ஊரின் பெயரைத் தகரத்துடன் ஒகரக் குறியை இட்டும் எழுதலாம். எகரக் குறியையும் ஆகாரக் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நிரலோ ஒன்றில் ஆறு குறிகளையும் மற்றதில் ஏழு குறிகளையும் கண்டு, ஊர்ப் பட்டியலில் இரண்டு தொண்டிகளை வைத்துக்கொள்ளும். எனவே கணத்தில் சேர்க்கும் முன்பே சரங்களை ஒருங்குறி வகுத்துள்ள இயல்பு வடிவங்களுள் ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும்.

எழுத்துக்கூட்டல் வேறுபாடு இதனினும் கடினமானது. நன்னூலின்படி மொழிக்கு முதலாகும் எழுத்துகள் பின்வருமாறு: உயிர் 12, க, ச, த, ந, ப, ம ஆகிய ஆறும் பன்னிரண்டு உயிர்களோடும் கூடி 72, வகரம் 8, யகரம் 6, ஞகரம் 4, ஙகரம் 1. ஆக 103. "ரா" இக்கணத்தின் உறுப்பன்று. அபிராமத்தில் அது இடையில் வருவதால் தடையில்லை. மாவட்டத்தின் பெயரில் முதலில் வருவதால்தான் "இராமநாதபுரம்" என்று இகரம் சேர்க்கப்படுகிறது. "ராமேஸ்வரம்" முதலெழுத்தாலும் கிரந்த எழுத்தாலும் இருமுறை விதியை மீறுகிறது.

சொற்பிழை திருத்தி ஒன்று இந்த 103ஐக் கொண்டு எச்சரிப்பது தகும். விண்ணப்பப் படிவம் ஒன்று அதே விதியால் பெயர்களை மறுப்பது தகாது. லட்சுமி, ரஹ்மத், ஸ்டீபன் ஆகிய மூவரின் பெயர்களும் அங்கே தள்ளுபடியாகிவிடும். இலக்கணம் சொல்லுக்கு விதித்ததை ஆளின் பெயருக்கு விதிப்பது, கணத்தைப் பிழையாகத் தேர்ந்ததன் விளைவேயன்றி இலக்கணத்தின் குற்றமன்று. தேடலில் இரு வடிவங்களையும் ஒரே சமானப் பகுதியில் வைத்து, உள்ளிட்டவர் எழுதியபடியே பெயரைச் சேமிப்பது நல்ல முறை.

உம்மையும் டி மார்கன் விதிகளும்

தமிழில் சிந்தித்து நிரல் எழுதுவோர் கவனிக்க வேண்டியது எண்ணும்மை. "கமுதி வட்டத்திலும் முதுகுளத்தூர் வட்டத்திலும் உள்ள ஊர்களைத் தருக" என்று கேட்பவர் வேண்டுவது இரு கணங்களின் சேர்ப்பு. அந்த "உம்" என்பதை அப்படியே "மற்றும்" என்று எழுதினால், இரு வட்டங்களிலும் ஒருங்கே அமைந்த ஊர் தேடப்பட்டு வெற்றுக் கணம் விடையாக வரும். நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. பட்டியல் வெறுமையாக இருப்பதால் ஊர்களே இல்லை என்று பயனர் எண்ணிக்கொள்வார்.

எதிர்மறையில் தவறு மறுபுறமாக நிகழ்கிறது. இவ்விரு வட்டங்களையும் தவிர்க்க விரும்பும் ஒருவர்,

வட்டம் ≠ கமுதி அல்லது வட்டம் ≠ முதுகுளத்தூர்

என்று எழுதுகிறார். அபிராமம் முதுகுளத்தூர் வட்டத்தில் இல்லாததால் இரண்டாம் பகுதி மெய்யாகிறது. ஊர் பட்டியலில் நுழைந்துவிடுகிறது. உண்மையில் இந்நிபந்தனை எல்லா ஊருக்கும் மெய்யே. சேர்ப்பின் நிரப்பி, நிரப்பிகளின் வெட்டு என்பது டி மார்கன் விதி. ஆகவே இங்கு வர வேண்டியது "மற்றும்".

வட்டத்தின் பெயர் நிரப்பப்படாத பதிவுகள் இன்னொரு சிக்கல். எஸ்கியூஎல் மொழியில் மெய், பொய் என்பவற்றோடு "தெரியாது" என்னும் மூன்றாம் மதிப்பும் உண்டு. வெற்றுப் புலத்தை "கமுதி" என்பதோடு ஒப்பிட்டால் "சமம்", "சமமன்று" ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் அதுவே விடை. "தெரியாது" எனப்பட்ட வரிசைகள் தேர்வாவதில்லை. இதனால் கமுதி வட்டத்தாரை ஒரு பட்டியலிலும் ஏனையோரை மறு பட்டியலிலும் எடுத்தால், வட்டம் குறிக்கப்படாதவர் இரண்டிலும் விடுபடுவர். ஒரு கணமும் அதன் நிரப்பியும் சேர்ந்து அனைத்துக் கணத்தைத் தரும் என்னும் பள்ளி விதி இங்கு செல்லாது. நலத்திட்டப் பட்டியல் போன்றவற்றில் வெற்றுப் புலங்களைத் தனி வினவலால் எடுத்து, மூன்று பட்டியல்களின் கூட்டுத்தொகை மொத்தப் பதிவுகளுக்குச் சமமா என்று சரிபார்ப்பது வழக்கம்.