பெட்டியடி: கடல் கடந்து வேலை பார்த்தவர்களின் கதை

லேப்டாப், சார்ஜர், மொபைல், ஏ.டி.எம். கார்டு. இன்று ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பவர்களின் பையைத் திறந்தால் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். சிக்னல் இல்லாத ஊரில் இறங்கிவிட்டால் அந்தப் பைக்குப் பாதி மதிப்புகூட இல்லை என்பது வேறு விஷயம்! சரி, இது எதுவுமே இல்லாத 1900களின் தொடக்கத்தில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் இருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய் வருடக்கணக்கில் வட்டிக்கடை நடத்தினார்களே, நகரத்தார் கடை ஏஜென்டுகள், அவர்கள் என்ன கொண்டு போனார்கள்?

பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

செட்டிநாட்டில் இதற்குக் 'கொண்டுவிக்கப் போவது' என்று பெயர். பணம் போட்ட முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடலுக்கு அப்பால் கடையை நடத்துபவர் சம்பளத்துக்குப் போன ஏஜென்ட். பொதுவாக ஒரு தடவை போனால் மூன்று வருடம். சம்பளமும் அந்த மூன்று வருடத்துக்குச் சேர்த்துத்தான் பேசுவார்கள், அதில் ஒரு பகுதி கிளம்பும் முன்பே கைக்கு வந்துவிடும். மனைவி, பிள்ளைகள் எல்லாம் ஊரில்தான்.

அவர் கையில் இருந்தவற்றில் முக்கியமானது பவர் பத்திரம். அதை வைத்துத்தான் முதலாளியின் பெயரில் கடன் கொடுக்கலாம், டெபாசிட் வாங்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். அடுத்தது விலாசம். இது கடிதத்தில் எழுதும் விலாசம் இல்லை. குடும்பத்துப் பெரியவர்களின் பெயர்களில் இருந்து எடுத்த சில எழுத்துக்கள், கடையின் பெயர். அந்த எழுத்துக்களைப் பார்த்துத்தான் பாங்க்காரரும் பணம் கொடுப்பார். இன்று பிராண்ட் என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

கால்குலேட்டர்? தலைக்குள்ளேயே இருந்தது! மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, முந்திரி என்றால் 320ல் ஒன்று. இந்தப் பின்னங்களைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்து, வட்டியை மனதிலேயே போடப் பழகியவர்கள் அவர்கள். கடைப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகுதான் ஏஜென்ட் ஆக முடியும். அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறும், அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும், கடைசியில் ஐந்தொகை. பி.காம். முதல் வருடத்தில் டபுள் என்ட்ரி என்றதும் இத்தாலிப் பெயர்களைப் படிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இந்த வார்த்தைகள் தெரியும்?

ஆபீஸ் என்பது ஒரு பெட்டி. சாய்வான மூடியும் உள்ளே சின்னச் சின்ன அறைகளும் உள்ள மரப்பெட்டி. தரையில் பாய் விரித்து, அதை முன்னால் வைத்து உட்கார்ந்தால் கடை திறந்தாயிற்று. அந்த இடத்துக்குப் பெயர்தான் பெட்டியடி. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த கிட்டங்கி என்ற நீளமான கூடத்தில் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, ஓர் அலமாரி, கொஞ்சம் தரை. பகலில் வியாபாரம், ராத்திரி அங்கேயே படுக்கை, சாப்பாட்டுக்குப் பொதுச் சமையல். பல கம்பெனிகள் ஒரே ஹாலை வாடகைக்குப் பகிர்ந்துகொள்ளும் இன்றைய ஏற்பாட்டைப் புதுமை என்று விளம்பரம் செய்பவர்கள் இதைக் கேள்விப்பட்டதில்லை போலும்.

பையில் எதுவும் இல்லாமல் போக முடிந்ததற்குக் காரணம், போய் இறங்கும் இடத்தில் எல்லாம் தயாராக இருந்ததுதான். கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் 1859ல் கட்டப்பட்டது. கடைகள் கொடுக்கும் மகமையில் நடந்த இத்தகைய கோவில்கள் சாமி கும்பிடும் இடம் மட்டும் இல்லை. ரங்கூனில் மாதம் ஒரு முறை கோவிலில் கூடித்தான் தங்களுக்குள் வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டி எவ்வளவு என்று முடிவு செய்தார்கள். சச்சரவு வந்தாலும் பெரும்பாலும் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். பணத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு கப்பலேற வேண்டியதும் இல்லை. உண்டியல் எழுதினால் போதும். தரிசன உண்டியல் என்றால் பார்த்தவுடன் பணம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் பரவியது? 1929-30ல் பர்மா பாங்கிங் விசாரணைக் குழு எடுத்த கணக்கில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், ஏறக்குறைய 75 கோடி ரூபாய் முதலீடு. கீழ் பர்மாவில் நெல் விளைந்த ஊர்களில் விவசாயிக்கு ஒரு நாள் பயணத் தூரத்துக்குள் ஒரு கடை இருந்தது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. பேரேட்டின் மறுபக்கத்தில் இருந்தது பர்மிய விவசாயி. 1930ல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. நிலம் கடைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீத நிலம்தான் செட்டியார்களிடம் இருந்தது. 1937க்குள் அது 25 சதவீதம் ஆனது. அவர்களுக்கு வேண்டியது பணம், கிடைத்தது விற்க முடியாத வயல். நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த வித்தியாசம் புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கோபம் முழுவதும் 'செட்டி' என்ற பெயரின் மேல் விழுந்தது. ஊரில் இருந்து முதலாளி கடிதம் போட, இங்கே கடை வாசலில் அந்தக் கோபத்தை நேருக்கு நேர் பார்த்தவர் சம்பளத்துக்குப் போன ஏஜென்ட்.

மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, தூக்கிக்கொண்டு திரும்ப முடியாத சொத்தில் போய் மாட்டிக்கொண்டது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. கிடைத்த கப்பலில் ஏறியவர்கள் தப்பினார்கள். நடந்தே இந்தியா வரக் கிளம்பிய லட்சக்கணக்கானவர்களில் ஆயிரக்கணக்கானோர் காட்டு வழியில் இறந்தார்கள். போர் முடிந்து பத்திரங்களோடு போய்க் கேட்டவர்களுக்கும் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. 1948ல் பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1963ல் பாங்குகளும் தேசியமயம் ஆயின.

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளை 1970களில் இடித்துவிட்டார்கள். டேங்க் ரோடு கோவிலில் இன்றும் தைப்பூசம் நடக்கிறது. பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகலாம். தேக்குப் பெட்டியின் மூடியைத் தூக்கினால் காசு போட ஓர் அறை, பேனாவுக்கு ஓர் அறை, சிலவற்றில் எளிதில் கண்ணுக்குப் படாத ஒரு ரகசிய அறைகூட இருக்கும்.